செல்ஃப் எடுக்கலன்னா உடனே மோட்டார மாத்திடணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்துல கார பாத்துக்கறது எப்படின்னு உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, வைப்பர், டயர், பிரேக் எல்லாம் வந்திருந்துச்சு, சரி. ஆனா நவம்பர் டிசம்பர் வந்தா வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் தெருவுக்கு தெரு வண்டி செல்ஃப் எடுக்காம நிக்குதே, அத பத்தி ஒரு வரி கூட இல்ல. நின்ன வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டு போனா அங்க சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், "செல்ஃப் மோட்டார் போச்சு சார், புதுசு போட்டுடலாம்". டெஸ்ட் பண்ணாங்களான்னு கேட்டா பதில் வராது.

என் மாமனார் வண்டிக்கு இதான் நடந்துச்சு. சாவி போட்டா டுக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். மோட்டார மாத்தி பெரிய பில்லு நீட்டினாங்க, பழைய மோட்டார் எங்கப்பான்னு மாமா கேட்டதுக்கு "அது ஸ்கிராப்ல போயிடுச்சு சார்"னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நாள்ல மறுபடியும் அதே டுக்கு. அப்புறம் தெருமுனையில கடை வச்சிருக்கற ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பானெட்ட தூக்கி, பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து கியர்பாக்ஸுக்கு போற எர்த் ஒயர தேடி புடிச்சு, போல்ட்ட கழட்டி காட்டினான், அடியில பச்சையா பவுடர் மாதிரி பூத்து போய் இருக்கு. எமரி ஷீட் போட்டு தேச்சு, திரும்ப டைட் பண்ணி, "மாமா இப்ப சாவி போடுங்க"ன்னான். ஒரே அடியில ஸ்டார்ட். அப்போ மாத்தின மோட்டார் எதுக்கு?

செல்ஃப் மோட்டார்ங்கறது ஒரு பெரிய மர்மம் எல்லாம் இல்ல, எஞ்சின மொதல்ல சுத்தி விட்டு ஸ்டார்ட் பண்ற மோட்டார், அவ்ளோதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒண்ணு சேர்ற இடத்துல போல்ட் போட்டு உக்கார வச்சிருப்பாங்க. உருளையா ஒரு மோட்டார், அது முதுகுல ஒட்டுனாப்ல இன்னொரு சின்ன உருளை, அதான் சோலனாய்டு. பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து தடியா ஒரு கேபிள் போகும், அத விரலால தொட்டுகிட்டே போனா பெரும்பாலும் நேரா அங்கதான் கொண்டு போய் விடும். நிறைய வண்டியில ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு அடியிலயோ இன்டேக் மேனிஃபோல்டுக்கு கீழயோ ஒளிஞ்சிட்டு இருக்கும், மேலேர்ந்து கண்ணுக்கே தெரியாது, வண்டிய ராம்ப்ல ஏத்தினாதான் தெரியும். பெல்ட் சுத்துற உருளைய பாத்து இதான் செல்ஃப்னு சில பேர் நெனச்சுக்கறாங்க, அது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டாருக்கு பெல்ட் கிடையாது.

சாவி திருகினா சோலனாய்டு ரெண்டு வேலை பாக்குது. சின்ன பல்சக்கரத்த முன்னாடி தள்ளி, எஞ்சினோட சேந்து சுத்தற பெரிய சக்கரமான ஃப்ளைவீல் பல்லுல மாட்ட வைக்குது, கூடவே மோட்டாருக்கு பெரிய கரண்ட விடுது, சின்ன பெட்ரோல் வண்டிக்கே நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். இவ்ளோ கரண்ட் போற பாதையில டெர்மினல் கொஞ்சம் லூஸா இருந்தாலே போதும், மோட்டார் முழிச்சிட்டு நிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரை பக்கம் இருக்கறவங்க வண்டியில உப்பு காத்துக்கு டெர்மினல் இன்னும் சீக்கிரம் பூத்துடும்.

அதனால மொதல்ல ஹெட்லைட்ட போட்டுட்டு சாவி திருகி பாருங்க. லைட் சுத்தமா மங்கி டக்டக்டக்னு வேகமா சத்தம் வந்தா பேட்டரி டவுன், இல்ல டெர்மினல் கோளாறு. மல்டிமீட்டர் இருந்தா இன்னும் சுலபம், சும்மா இருக்கறப்ப 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், செல்ஃப் அடிக்கறப்ப 9.6க்கு கீழ விழக்கூடாது. லைட் பளிச்சுனு இருந்து ஒரே ஒரு டுக்கு மட்டும் வந்தா சோலனாய்டு கான்டாக்ட், மோட்டாருக்குள்ள சுத்தற பாகத்துக்கு கரண்ட் குடுக்கற கார்பன் பிரஷ், இல்லன்னா எங்க மாமா வண்டி மாதிரி எர்த். சத்தமே வரலன்னா ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் பக்கம் பாக்கணும். மோட்டார் விர்ருன்னு தனியா சுத்தி எஞ்சின் சுத்தலன்னா பெண்டிக்ஸ், அதாவது அந்த சின்ன பல்சக்கரம் இருக்கற பாகம். இது எதையும் பாக்காம மோட்டார மாத்தறது தலைவலிக்கு தலைய மாத்தற கதைதான்.

உண்மையிலயே மோட்டார்ல கோளாறுன்னாலும் பல சமயம் பிரஷ்ஷும், தண்டு சுத்தற வளையமான புஷ்ஷும்தான் தேஞ்சிருக்கும். கழட்டி கவுத்தா உள்ளேர்ந்து கரி மாதிரி கருப்பு தூள் கொட்டும், பிரஷ் கட்டைவிரல் நகம் அளவுக்கு தேஞ்சு ஸ்பிரிங் எட்டாம நிக்கும். பிரஷ் செட் தனியா கிடைக்குது, புதுப்பேட்டையிலயும் ஜி.பி. ரோட்டுலயும் கேட்டு பாருங்க. 1961ல ஆரம்பிச்ச லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி நம்ம பாடியிலதான் செல்ஃப் மோட்டார் பண்ணிட்டு இருக்கு, அப்படிப்பட்ட ஊர்ல இத பிரிச்சு பாக்க ஆள் இல்லன்னு ஒர்க்‌ஷாப் சொன்னா யார் நம்பறது!

மோட்டாருக்குள்ள சுத்தற காயில் சுத்தின பாகமான ஆர்மேச்சர் எரிஞ்சு போயிருந்தா வேற வழியில்ல, மாத்தித்தான் ஆகணும். அப்பவும் பேட்டரி நெகட்டிவ்வ மொதல்ல கழட்டணும், ஏன்னா அந்த தடி கேபிள்ல சாவி ஆஃப்ல இருந்தாலும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில பட்டுச்சுன்னா பொறி பறக்கும். ரெண்டோ மூணோ போல்ட்தான், ஆனா மேல் போல்ட் கைக்கே எட்டாது, கடைசி போல்ட் கழட்டறப்ப மோட்டார கையில தாங்கிக்கணும், நல்ல கனம். புதுச பழசு பக்கத்துல வச்சு பல்லு எண்ணிக்கையும் போல்ட் ஓட்டையும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க. அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு ஃப்ளைவீல் ரிங் பல்லையும் பாத்துடணும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஆஃப் பண்ணா அநேகமா அதே ரெண்டு இடத்துலதான் வந்து நிக்கும், அதனால அங்க மட்டும் பல்லு தேயும், அது தேஞ்சிருந்தா புது மோட்டார் போட்டும் கர்ருன்னு கத்தும்.

வெள்ளத்துல நின்ன வண்டி விஷயம் வேற. 2015லயும் 2023 மிக்ஜாம் அப்பவும் தண்ணி வடிஞ்ச உடனே செல்ஃப் அடிச்சு பாத்தவங்க நிறைய. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டன தாங்கற கனெக்டிங் ராடே வளைஞ்சிடும், செல்ஃப் மோட்டார் செலவு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. பேட்டரிய கழட்டிட்டு டோ பண்ணி எடுத்துட்டு போங்க, மோட்டார பிரிச்சு சேற கழுவி காய வச்சா பெரும்பாலும் பொழச்சுக்கும்.

ஒர்க்‌ஷாப்காரங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டுதான். மாத்தறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சு எங்க கண்ணு முன்னாடி காட்டுங்க, கழட்டின பழைய மோட்டார டிக்கியில போட்டு அனுப்புங்க. எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கறீங்கன்னா அந்த தொகைய பில்லுல கழிச்சு எழுதுங்க. உங்க பேப்பர்ல அடுத்த தடவ கார் பக்கம் போடறப்ப இதையும் சேத்து போட்டா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை.