கயலுக்கு, மியூசியம் விஷயமாக

அன்புள்ள கயல்,

படங்கள் வந்தன. வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் நான் நாலு வரி தட்டுவதற்குள் உன் அம்மா போனை வாங்கி ஏதாவது பூப்படத்தை அனுப்பிவிடுகிறாள். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பையன் ஸ்கேன் செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் டெக்ஸாஸிலிருந்து வந்துவிட்டான். அதை அப்புறம் சொல்கிறேன்.

பாஸ்டன் துறைமுகக் கரையில் இருக்கிற ஐ.சி.ஏ. என்கிற தற்காலக் கலை மியூசியத்தின் மரப்படிகளில் நீ உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கே ராத்திரி 9 மணிக்கு வந்தது. பாஸ்டனில் அப்போது காலை 11.30. செவ்வாய்க்கிழமை. ஆபீஸிலிருந்து கட்டடம் பார்க்கக் கூட்டிப்போயிருப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். கொஞ்சம் இளைத்துத் தெரிகிறாய். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

கட்டடத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருந்தாய். கேட்டதற்கு சந்தோஷம். எல்லோரும் கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மேல்தளத்தைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு அதன் கெட்டிக்காரத்தனம் காலடியில் தெரிகிறது. கரையோரம் போகிற மரநடைபாதை அப்படியே மடிந்து படிக்கட்டாக ஏறுகிறது. அந்த மரம் உள்ளே போய்த் தியேட்டருக்குத் தரையாகிறது, சுவர் ஏறிக் கூரையாகிறது, மறுபடி வெளியே வந்து மேல்தளத்தின் அடிப்பக்கமாகக் கடலைப் பார்க்கிறது. உன் செருப்புக்குப் பக்கத்தில் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டிருப்பதையும் பார்த்தேன். விடாமல் முடியாது, பனி உருகி வடிய வேண்டுமே. நாங்கள் துறைமுக ஜெட்டிக்கு வரைந்தபோதும் அப்படித்தான் விடுவோம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, டிக்கெட் வாங்காதவனும் அந்தப் படியில் நாள் முழுக்க உட்காரலாம் என்பது. டில்லர், ஸ்கோஃபிடியோ, ரென்ஃப்ரோ கம்பெனி வடிவமைத்து, 2006 டிசம்பரில் திறந்த கட்டடம். ஏறக்குறைய நூறு வருஷத்தில் பாஸ்டனுக்கு வந்த முதல் புதுக் கலை மியூசியம் என்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்து வந்தது, ஊர்க்காரனை முதலில் படியில் உட்காரவைத்துவிட்டு அப்புறம்தான் ஓவியம் பார்க்கக் கூப்பிடுகிறது.

இது சும்மா தயாள குணத்தில் வந்ததில்லை. மாசசூசெட்ஸில் 1866-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. அலை ஏறி இறங்கும் நிலத்தில் பொதுஜனத்துக்கு உரிமை உண்டு, அங்கே கட்டுகிறவன் அவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று. அதற்கும் முந்தைய, 1640-களின் விதிகளிலிருந்து வந்த உரிமையாம். மியூசியம் நிற்கும் சீபோர்ட் பகுதியே கடலைத் தூர்த்து எடுத்த மண்தானே. அதனால்தான் அந்த நடைபாதை துறைமுகத்தைச் சுற்றி அவ்வளவு தூரம் போகிறது. நல்ல ஆர்க்கிடெக்ட் சட்டத்துக்காக ஒரு நடைபாதை விட்டதோடு நிற்காமல் அதையே கட்டடமாக்கியிருக்கிறார். போட்டிக்காக நீ வரைந்த மியூசியத்தில் நடைபாதை கட்டடத்துக்கு வெளியே ஓரமாகப் போகிறது, கவனித்தாயா?

கோபப்படாதே. பொங்கலுக்கு நீ அனுப்பிய, கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் அந்த செக்‌ஷன் டிராயிங்கை ஏ1 தாளில் பிரிண்ட் போட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பழைய ஆபீஸ் ஆட்கள் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன். "டிராஃப்ட்ஸ்மேன் பொண்ணு டிராஃப்ட்ஸ்மேன் கோட்டைத் தாண்டிட்டாளே" என்றார்கள். எனக்குப் பெருமைதான். ஆனாலும் அளவு போடாமல் ஒரு செக்‌ஷன் அனுப்புவாயா? தண்ணீர்மட்டம் என்று ஒரே ஒரு கோடு இழுத்திருக்கிறாய். எந்தத் தண்ணீர்? ஏற்றத்திலா, வற்றத்திலா? சென்னையில் அலையேற்றம் ஏறக்குறைய ஒரு மீட்டர், ஒரு கோடு போட்டாலும் மன்னிக்கலாம். பாஸ்டன் பக்கம் ஒரே நாளில் மூன்று மீட்டர் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் கால் நனையும் படி, வற்றத்தில் பாசி பிடித்து வழுக்கும். கம்பி துருப்பிடிப்பதும் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் தூணில் இல்லை, நனைந்து காய்ந்து நனைந்து காயும் அந்த நடுப்பகுதியில்தான். நாலு கோடு போடு. கூடவே புயல்மட்டம் ஒன்று. 2018 ஜனவரி 4 அன்று அங்கே தண்ணீர் 1978 பனிப்புயலின் அளவையும் தாண்டி ஏறி, சீபோர்ட் தெருவில் குப்பைத்தொட்டி மிதந்ததை வீடியோவில் பார்த்தேன். கீழ்த்தளத்தில் ஓவியக் கிடங்கு வைத்திருக்கிறாய். மாற்று.

லாரி எங்கே வரும் என்பதும் தெரியவில்லை. பெரிய சிற்பம் ஒன்று வந்தால் எந்தக் கதவு? எல்லாப் பக்கமும் அழகாகத் திறந்துவிட்டால் பின்பக்கம் என்று ஒன்று வேண்டாமா? துறைமுகத்தை வேடிக்கைப்பொருளாக மட்டும் பார்க்கிறவர்கள் செய்வது இது. துறைமுகம் வேலை நடக்கிற இடம்.

சரி, ஸ்பெயினில் சாந்தாந்தேர் ஊரைப் பார்த்தாயா? ரென்ஸோ பியானோ கட்டிய போதீன் கலை மையம், 2017-ல் திறந்தது. ஃபெர்ரிக்கு வருகிற கார்கள் நிறுத்தும் இடமாக இருந்ததாம் முன்பு. ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவே பெரிய ரோடு. அந்தப் பக்கம் தோட்டம், இந்தப் பக்கம் கடல், நடுவில் வண்டி. அவர்கள் முதலில் செய்தது ரோட்டைச் சுரங்கத்துக்குள் இறக்கியதுதான். தோட்டம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகித் தண்ணீர்வரை வந்துவிட்டது. அதற்கப்புறம் கட்டடம். அதையும் இரண்டாகப் பிளந்து, தூண்மேல் தூக்கி, பாதியைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தினார்கள். தோட்டத்தில் நடக்கிறவனுக்கு மரங்களுக்கு நடுவே, கட்டடத்துக்கு அடியில், கடல் தெரிகிறது. மேலே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான் வில்லைகள், வானம் எப்படியோ அப்படி நிறம் மாறும். என்னைக் கேட்டால் வில்லை இல்லாவிட்டாலும் அது நல்ல கட்டடம். சுரங்கம் இல்லாவிட்டால் வெறும் பொம்மை.

உங்கள் ஊரிலும் அதே கதைதானே? 1950-களில் ஊருக்கும் கரைக்கும் நடுவே தூக்கிக் கட்டிய ஆறு வழி ரோட்டைப் பிற்பாடு 1,400 கோடி டாலருக்கு மேல் செலவழித்து மண்ணுக்கடியில் தள்ளினார்கள். இப்போது மேலே பூங்கா. ஒரு மியூசியம் தனியாக நின்று ஊரையும் துறைமுகத்தையும் சேர்த்துவிடாது. பீச் ஸ்டேஷனில் இறங்கிக் கடலைப் பார்க்க முடியாத ஊரில் வளர்ந்தவள் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ வரைந்த இடத்திலும் பின்னால் ஒரு ரோடு இருக்கிறது. சாம்பல் நிறத்தில் லேசாகக் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டிருக்கிறாய். அதை என்ன செய்யப்போகிறாய் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம். நான் இருந்தால் அந்த ரோட்டிலிருந்து வரைய ஆரம்பிப்பேன்.

ஐ.சி.ஏ.-வில் எனக்குப் பிடிக்காத ஒரு விஷயமும் உண்டு. மேல்தளத்துக்கு அடியில் தொங்குகிற அந்த கம்ப்யூட்டர் அறை. ஜன்னல் வழியே தண்ணீர் மட்டும் தெரியும்படி சாய்த்து வைத்திருக்கிறார்கள். வானம் இல்லை, எதிர்க்கரை இல்லை, ஒரு படகுகூட இல்லை. நீ அங்கே உட்கார்ந்து எடுத்த படங்கள்தான் நிறைய அனுப்பியிருக்கிறாய். கற்பனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனியாக இருக்கிற பெண் அங்கே ரொம்ப நேரம் உட்கார வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. அதற்கு மேலே, இரண்டு கூடத்துக்கும் நடுவே வடக்குப் பார்த்த கண்ணாடி நடை இருக்கிறதே, அங்கே போய் நில். காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். கூடத்துக்குச் சுவரும் கூரைவெளிச்சமும், கடலுக்கு இந்தக் கண்ணாடி என்று அழகாகப் பங்கு பிரித்திருக்கிறார்கள். கடல் வடக்கே இருப்பதால் நேர்வெயிலும் அடிக்காது. கோடையில் அங்கிருந்து ஈஸ்ட் பாஸ்டனுக்குப் படகு விடுகிறார்களாமே, பழைய கப்பல்பட்டறையில் 2018-ல் ஆரம்பித்த வாட்டர்ஷெட் என்கிற கூடத்துக்கு. உள்ளே போகக் காசு இல்லையாம். யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விட்டு வா. அந்த பெங்களூர் பெண், உன்கூட வேலை பார்க்கிறவள், அவளைக் கூப்பிடேன். அவள் பேச்சையே நீ இப்போதெல்லாம் எடுப்பதில்லை.

போட்டி முடிவு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஜூனில் வரும் என்றாய், ஜூன் போய்விட்டது. ஜெயிக்காத டிராயிங்கும் உன் டிராயிங்தான், என் மேஜையிலிருந்து அது போகாது. முன்பெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து பேசுவாய், பின்னால் சத்தமாக இருக்கும், ஒன்றும் கேட்காது, நான் எரிந்து விழுவேன். இப்போது பேசும்போது சத்தமே இல்லை. தெளிவாகக் கேட்கிறது.

எதிர்வீட்டுப் பையன் கதை இதுதான். அவன் கம்பெனியில் ஆட்குறைப்பு. வேலை போனால் அந்த விசாவில் 60 நாள்தானாம், அதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். முதல் ஒரு மாதம் வீட்டில் வாயே திறக்கவில்லையாம். அவன் அப்பா என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார், வேலை போனதற்காக இல்லை. இப்போது பையன் நன்றாக இருக்கிறான், சாயங்காலம் என்னோடு காசிமேடுவரை நடக்கிறான். சும்மா சொன்னேன். உனக்கு அதெல்லாம் ஒன்றும் இருக்காது.

அக்காவுக்கு இந்த மாதம் ஏழாம் மாதம், ஆஸ்பத்திரியில் எல்லாம் சரி என்றார்கள். பேங்க் லோன் கடைசித் தவணை கட்டியாகிவிட்டது, பத்திரத்தை வாங்கி அந்தப் பச்சைப் பெட்டியில் வைத்துவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன். நீ இனி மாதாமாதம் எதுவும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அம்மாவும் அப்படித்தான் சொல்லச் சொன்னாள்.

எப்போது வேண்டுமானாலும் பேசு. நான் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறேன், உனக்கு அது சாயங்காலம்தான். நேரத்துக்குச் சாப்பிடு. நாலு தண்ணீர்மட்டத்தையும் போட்டு அந்த செக்‌ஷனைத் திரும்ப அனுப்பு, ஆபீஸ் வேலைக்காக இல்லாவிட்டாலும்.

மாடி ரூமுக்கு வெள்ளையடித்தாயிற்று. திங்கட்கிழமை ஆசாரி வருகிறார், டிராயிங் டேபிள் ஒன்று சொல்லியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் போடவா, சுவர்ப் பக்கம் போடவா? அவர் வருவதற்குள் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா