பஸ்ஸை வெளியே தள்ளுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த கொல்லிமலைப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிறு புரட்டாமல் கடந்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ‘வளைவில் மையவிலக்கு விசை பேருந்தை வெளியே தள்ளுகிறது’ என்ற வரியைப் படித்ததும், 30 வருஷம் இயற்பியல் நடத்திய எனக்குக் கை பரபரத்தது.

வெளியே தள்ள அங்கே யாரும் இல்லை. பஸ் தன் பாட்டுக்கு நேராகப் போகத்தான் பார்க்கும். அதை உள்பக்கமாக இழுத்துத் திருப்புவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. அதுதான் மையநோக்கு விசை. பஸ் திரும்பும்போது நம் உடம்பு மட்டும் நேராகப் போகப் பார்க்கிறது; பக்கத்து சீட்டுக்காரர் மேல் சாய்ந்துவிட்டு, யாரோ தள்ளிய மாதிரி நினைத்துக்கொள்கிறோம். பஸ்ஸோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே கணக்குப் போடுகிறவர் மையவிலக்கு விசையைச் சேர்த்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. சாலையோரம் நிற்பவரின் கணக்கில் அது கிடையாது.

சந்தேகம் இருந்தால், தெருவில் சாணை பிடிப்பவர் வரும்போது பொறிகளைப் பாருங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து வெளியே பாய்கிற மாதிரி அவை போகாது. கத்தி படுகிற இடத்திலிருந்து, விளிம்பை ஒட்டியே நேராகத் தெறிக்கும். போர்டில் தொடுகோடு வரைந்தபோது கொட்டாவி விட்ட பையன்கள், பள்ளி வாசலில் சாணைக்காரரை நிறுத்திக் காட்டியபோது மணி அடித்தும் நகரவில்லை. (வீட்டிலிருந்து நான் கொண்டுபோன அரிவாள்மனைக்கும் அன்று நல்ல கூர் ஏறியது.)

அப்புறம் வேகம். கட்டுரையாளர் தொடாமல் விட்டது இதைத்தான். திருப்பத் தேவையான விசை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால், பஸ்ஸின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு விசை போதும். 40-இல் போனால் அது நான்கு மடங்கு, அதாவது எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். மழையில் நனைந்த சாலையில் தேய்ந்த டயருக்கு அவ்வளவு பிடி ஏது? பஸ் காலியாக இருந்தாலும் இதில் சலுகை இல்லை. எடை குறைந்தால் தேவையான விசை குறைகிறது, ஆனால் உராய்வும் அதே அளவு குறைந்துவிடுகிறது.

உராய்வை மட்டும் நம்பக்கூடாது என்றுதான் வளைவுகளில் சாலையின் வெளி விளிம்பைக் கொஞ்சம் உயர்த்திப் போடுவார்கள். எங்கள் ஊர்ப் பாலத்து வளைவில் போன வருஷம் புதுத் தார் போட்டபோது அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். நேராக வெளிப்பக்கப் பள்ளத்துக்கு ஓடியது. அங்கே நின்ற மேற்பார்வையாளரிடம் காட்டினேன்.

“தண்ணி நல்லா வடியுதே சார்” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.