ஐப்பசிக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது

தங்கச்சிமடம், ராமேஸ்வரம் தீவு,
புரட்டாசி மாதம்.

அன்பு மகள் செல்விக்கு,

நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையும் உடனிருந்து படித்தால் நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன். உங்கள் குடியிருப்பில் சிலர் வீட்டுக்கு வீடு அவசரகாலப் பை கட்டி வைக்கச் சொல்கிறார்கள் என்றும், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு, வருவது வந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா, பிள்ளைகள் மனத்தில் வீணாகப் பயத்தை ஏற்றுவானேன் என்று மாப்பிள்ளை கேட்கிறார் என்றும் சொன்னாய். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஆயத்தமாக இருக்க வேண்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பது நம்மைப் போன்ற குடும்பங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். வசதியுள்ளவர் புயல் செய்தி வந்ததும் காரை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய் விடுதியில் தங்கிவிடுவார். ஒரு வார வருமானம் போனாலே கடன் வாங்க வேண்டிய வீட்டுக்கும், ரேஷன் அட்டையும் பட்டாவும் நனைந்து போனால் மாதக்கணக்கில் அலுவலகப் படியேற வேண்டிய வீட்டுக்கும் அந்த வழி கிடையாது.

அரசாங்கம் செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில், கைகாட்டி விளக்கு தெரியாத இருளில் சற்று நின்று, பிறகு நகர்ந்து போகையில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அதைப் புயலில் பொங்கிய கடல் வாரிக்கொண்டது. செயற்கைக்கோள் படமும் கைப்பேசிச் செய்தியும் இல்லாத காலம் அது. இன்று புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது வீட்டிலிருந்தபடியே தெரிகிறது. ஒடிசாவை எடுத்துக்கொள். 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு நூறைக்கூட எட்டவில்லை. எச்சரிக்கையும் தங்குமிடமும் வண்டியும் அரசு கொடுத்தது உண்மை. வீட்டைப் பூட்டிவிட்டு, கிழவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நேரத்தோடு இறங்கி நடந்தவர்கள் அந்த மக்கள். அந்தப் பங்கை எந்தத் தாசில்தாராலும் நமக்காகச் செய்துவிட முடியாது.

அந்தப் பங்கு சொல்வதற்கு எளிது, செய்வதற்கு எவ்வளவு கடினம் என்பதை 2020 டிசம்பரில் புரெவி புயலின்போது நம் தெருவிலேயே பார்த்தேன். கடலோரத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு அப்பத்தா மட்டும் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொட்டகையில் மூன்று ஆடுகள். அவற்றில் ஒன்று சினை. "ஆட்டை விட்டுட்டு நான் எங்கிட்டு வர?" என்ற ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய மகன் கத்தினார், மருமகள் அழுதார், மழை வலுத்துக்கொண்டே போனது. அந்த ஆடுகள்தாம் அவருடைய சேமிப்பு முழுவதும் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் தேடும் நேரம் அதுவாக இருக்கவில்லை. இப்போது அந்த வீட்டில் புரட்டாசியிலேயே பேசி வைத்திருக்கிறார்கள்: பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் ஆடுகள் உச்சிப்புளியில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஐந்தாம் எண் ஏறினால், அல்லது அதற்கு முன்பே அதிகாரிகள் சொன்னால், அப்பத்தா உட்பட எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். அப்பத்தா ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. காரணம், வெயில் அடிக்கும் ஒரு நாளில், ஒருவரும் குரலை உயர்த்தாமல் அவரிடம் கேட்டார்கள்.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது உனக்கு நினைவிருக்கும். மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் கைகாட்டி தானாகவே சிவப்புக்கு மாறும். அதற்கு மேல் ஓட்டுநர் துணிச்சல்காரரா, நிலைய அதிகாரி அவசரக்காரரா என்ற பேச்சுக்கே இடமில்லை. குடும்பத்துக்கும் அப்படி ஒரு வரம்பு முன்கூட்டியே தேவை என்பதைத்தான் நான் இவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டு வருகிறேன். பை இரண்டாவது. எந்தக் கட்டத்தில் வீட்டை விட்டு இறங்குவது, எங்கே போவது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்ற முடிவு முதலாவது.

புரெவி கடைசியில் நம் கரையருகே வந்து வலுவிழந்து நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரவெல்லாம் நெருக்கியடித்துப் படுத்திருந்தவர்களில் பலர், வெட்டியாக அலைக்கழித்துவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். அந்தச் சலிப்பைத்தான் நான் புயலைவிட அதிகமாக அஞ்சுகிறேன். இலங்கை நமக்கு முன்னால் அரணாக நிற்பதால் 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாட்டை நம் கரை படவில்லை. 2018இல் கஜா புயலும் வேதாரண்யம் பக்கமே கரையேறியது. இதையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, நம் ஊருக்கு ஒன்றும் வராது என்று பேசுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். தனுஷ்கோடி இங்கிருந்து எத்தனை தூரம் என்று அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. புயலே இல்லாமல், 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதும் இதே தீவில்தான். பத்து முறை கிளம்பி ஒன்பது முறை ஒன்றும் நடக்காமல் திரும்பினாலும் அந்த ஒன்பது இரவுகளின் தூக்கத்தை நான் நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

பொருள்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. குடிதண்ணீர், டார்ச், பவர் பேங்க், வாய் கட்டிய பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள், கொஞ்சம் சில்லறை நோட்டுகள், காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து. உன் பாட்டி மழைக்காலத்துக்கு முன்பே புளியும் கருவாடும் காய்ந்த விறகும் பரணில் ஏற்றியதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் ஆயத்தப் பெட்டிகள் எதையும் வாங்காதே. மருந்தில்தான் கவனம் வேண்டும். உன் அம்மாவின் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியை நம்பியிருக்கிறது. கஜாவுக்குப் பின் டெல்டாக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை என்று கேட்டதிலிருந்து எனக்கு அந்தக் கவலை உண்டு. ஆகவே அகலமான மண்பானையில் மணலை நிரப்பி நனைத்து, நடுவே ஒரு சிறு மண்கலயத்தைப் பதித்து, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் மருந்தை வைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடும் முறையைப் பழகி வைத்திருக்கிறோம். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். அந்த வேலையை உன் அம்மா என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள்.

உன் வேளச்சேரி நிலைமை வேறு. இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பது சரி. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் போய், படகில் வந்து ஆட்களை மீட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு, உன் எண்ணுக்கு அழைப்புப் போகாமல் நாங்கள் இங்கே தவித்தோம். மழை பள்ளி நேரத்தில் வலுத்து, நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு திசையில் வேலையில் இருந்து, ஒருவரை ஒருவர் அழைக்க முடியாமல் போனால் பேரனைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது? இருவருமே போனால் வழியில் இருவருமே சிக்கிக்கொள்ளலாம். மற்றவர் போயிருப்பார் என்று இருவருமே இருந்துவிடலாம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பேசினால் போதும்.

பிள்ளைகள் பயப்படுவார்கள் என்பதையும் யோசித்தேன். பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் குழந்தை பயப்படும். தனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றால் பெருமைப்படும். டார்ச் எரிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பைப் பேத்தியிடம் கொடு. உன் எண்ணையும், தஞ்சாவூர் அத்தையின் எண்ணையும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077ஐயும் பேரன் பாராமல் சொல்லட்டும். சென்னைக்குள் தொடர்பு அறுந்தாலும் வெளியூர் எண்ணுக்கு எங்கிருந்தாவது பேச முடிந்துவிடலாம் என்பதால், நம் குடும்பம் முழுவதும் தகவல் சொல்ல வேண்டிய இடம் அத்தை வீடு என்று வைத்துக்கொள்வோம். அத்தையிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிட்டு, பள்ளிக்குப் போவது யார் என்று நீங்கள் முடிவு செய்ததை எனக்கு எழுது. அம்மாவின் மருந்துச் சீட்டு நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்; உங்கள் உறையில் அதுவும் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா