தோடர் பாட்டுக்குப் பள்ளியில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழங்குடி மொழிகளுக்கென ஐ.நா. அறிவித்த பத்தாண்டு (2022–2032) நடந்துகொண்டிருக்கும் இவ்வேளையில், நீலகிரியில் ஏறத்தாழ 2,000 பேருக்குள் மட்டுமே பேசும் தோடர் மொழியைப் பற்றி எழுத விரும்புகிறேன். தனி வரிவடிவம் இல்லாத இம்மொழியின் பெருஞ்செல்வம் அதன் பாட்டுகளே. திருமணமோ இறப்போ எருமைச் சடங்கோ எதுவாயினும், தோடர்கள் அந்நேரத்திலேயே பாட்டுக் கட்டுவார்கள். ஒரு மந்தின், அதாவது தோடர் குடியிருப்பின், பெயரைச் சொன்னால் அதற்கு இணையான இன்னொரு மந்தின் பெயரும், ஓர் எருமையைச் சொன்னால் அதன் இணைப்பெயரும் அடுத்த அடியில் வந்தாக வேண்டும் என்பது மரபு. ஆகவே பாடத் தெரிந்த பிள்ளைக்கு மலையும் மந்தையும் குலமும் பெயரோடு தெரிந்திருக்கும்.

1930களில் நீலகிரிக்கு வந்த மொழியியலாளர் எமனோ திரட்டிய பாடல்கள் 1971இல் பெருநூலாக வெளிவந்தன. அப்பணி போற்றத்தக்கது. ஆனால் நிகழ்வுக்கேற்பப் புதிதாகக் கட்டப்படும் கவிதையை ஏட்டிலும் ஒலிப்பதிவிலும் சேமித்தால் மட்டும் போதாது. கட்டத் தெரிந்தவர்கள் அடுத்த தலைமுறையிலும் இருக்க வேண்டும். எனவே, தோடர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பாட்டுக் கட்டத் தெரிந்த மூத்தவர்களை உரிய ஊதியத்துடன் பயிற்றுநர்களாக அமர்த்துமாறும், என்ன பாடுவது, எதை வெளியாருக்குப் பாடலாகாது என்பதை அவர்களிடமே விட்டுவிடுமாறும் பழங்குடியினர் நலத்துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோத்தகிரி.