லூபெக்குக்கு அரை நாள் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜெர்மனிப் பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஹாம்பர்க் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் லூபெக் நகரத்துக்கு நாலே வரி ஒதுக்கியிருந்தார். ரயிலில் முக்கால் மணி நேரம், கோட்டை வாசல் முன்னால் ஒரு படம், மார்சிபான் என்ற பாதாம் இனிப்பு ஒரு பெட்டி, அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம், அரை நாள் தாராளம் என்று. அந்த நாலு வரியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறேன். முதல் தடவை லூபெக் போனபோது நானும் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடுதான் போனேன். வழிகாட்டி குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் வேகமாகப் போக, நாங்கள் பின்னால் ஓட, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எது எந்தக் கட்டடம் என்றே தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் தனியாகக் காலையிலேயே போய் இறங்கி, இருட்டும்வரை நடந்தேன். அன்றைக்குத்தான் அந்த ஊர் எனக்குப் பிடிபட்டது. அதன் பிறகு எத்தனையோ முறை போய்விட்டேன்.

நடப்பதற்கு பயப்படவே வேண்டாம். பழைய நகரம் தண்ணீர் சூழ்ந்த ஒரு முட்டை வடிவத் தீவு. ஒரு பக்கம் ட்ராவ ஆறு, இன்னொரு பக்கம் வாக்கெனிட்ஸ். நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர், அகலம் 1 கிலோமீட்டர், அவ்வளவுதான். அதற்குள் ஐந்து பெரிய தேவாலயங்கள், அவற்றுக்கு ஏழு கோபுரங்கள். ஏழு கோபுர நகரம் என்றே இதற்குப் பெயர். 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது தனி ஒரு கட்டடத்தை அல்ல, இந்தப் பழைய நகரத்தைத்தான்.

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஹோல்ஸ்டன்டோர், எல்லோரும் படம் எடுக்கும் அந்த வாசல். 1464இல் தொடங்கி 1478இல் கட்டி முடித்தார்கள். ஜெர்மனியின் பழைய 50 மார்க் நோட்டில் இதன் படம் இருந்தது. தயவுசெய்து படம் எடுத்தவுடன் கிளம்பிவிடாதீர்கள், ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். எதிரி வரக்கூடிய வெளிப்பக்கச் சுவர் மூன்றரை மீட்டர் கனம், ஊரைப் பார்த்த பக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை, அந்தப் பக்கம் முழுக்க ஜன்னல்கள். சதுப்பு நிலத்தில் கட்டியதால் கோபுரங்கள் புதைந்து, சாய்ந்து நிற்கின்றன, வெறும் கண்ணுக்கே தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இதை இடித்துத் தள்ளிவிடலாம் என்று பெரிய விவாதம் நடந்து, 1863இல் நகர மன்றத்தில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் தப்பித்தது. அந்த ஒரு ஓட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் படபடப்பாக இருக்கும்.

வாசலை ஒட்டி, ஆற்றங்கரையில், முக்கோண முகப்போடு வரிசையாக ஆறு செங்கல் கட்டடங்கள் இருக்கின்றன. உப்புக் கிடங்குகள். கூட்டம் இவற்றைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் இந்த ஊரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. இப்போது நிற்பவை 1579க்கும் 1745க்கும் இடையில் கட்டியவை, உப்பு வியாபாரமோ அதற்கும் பல நூறு ஆண்டு முந்தியது. தெற்கே லூனெபுர்க் என்ற ஊரில் பூமிக்கடியிலிருந்து உப்புநீரை இறைத்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். வடக்கே கடலுக்கு அந்தப் பக்கம், இப்போது ஸ்வீடனின் தென்கோடியாக இருக்கும் ஸ்கோனே கரையில், ஹெரிங் மீன் குவியல் குவியலாகக் கிடைத்தது. மீன் இருந்த இடத்தில் போதுமான உப்பு இல்லை, உப்பு இருந்த இடத்தில் மீன் இல்லை, இரண்டுக்கும் நடுவில் லூபெக். தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி தொடக்கூடாது என்று திருச்சபை சொல்லியிருந்ததால், பீப்பாயில் உப்பிட்டு அடைத்த மீனுக்கு ஐரோப்பா முழுக்கத் தேவை இருந்தது. முதலில் மாட்டு வண்டி, குதிரை வண்டி போன உப்புப் பாதை, பிறகு 1398இல் வெட்டி முடித்த ஸ்டெக்னிட்ஸ் கால்வாய். ஒரு மேட்டைத் தாண்டி இரண்டு ஆறுகளை இணைத்த கால்வாய், அந்தக் காலத்தில்! உப்புப் படகுகள் அதன் வழியாக நேராக லூபெக் வந்து சேர்ந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து ஊருக்குள் போனால், அதன் பிறகு பார்க்கும் ஒவ்வொரு கட்டடமும் அந்த உப்புக் காசும் மீன் காசும் என்ன ஆயின என்று சொல்லிக்கொண்டே வரும்.

1143இல் உருவான ஊர் இது, தீப்பிடித்து எரிந்த பிறகு 1159இல் சிங்க ஹென்றி என்ற பிரபு மறுபடி நிறுவினார். 1226இல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமானது. ஹன்சா என்ற வணிக நகரங்களின் கூட்டணிக்கு இதுதான் தலைநகர் மாதிரி. பிரபுவும் இல்லை, ராஜாவும் இல்லை, ஊரை ஆண்டது வியாபாரிகளின் மன்றம். இந்த வடக்குப் பணக்கார வியாபாரிகளை மற்றவர்கள் ‘மிளகு மூட்டை’ என்று கேலியாகக் கூப்பிடுவார்களாம். அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து பல கை மாறிப் போனது என்பதை அந்தத் தெருவில் நிற்கும்போது நினைத்துக்கொண்டேன்.

சந்தைச் சதுக்கத்துக்கு வந்தால் நகர மன்றக் கட்டடம். கறுப்பு மெருகேற்றிய செங்கல், உயர்ந்த முகப்புச் சுவரில் காற்று போக வட்ட வட்டமாக ஓட்டைகள். பக்கத்திலேயே புனித மரியாள் தேவாலயம். ஆயரின் பேராலயம் ஊரின் தென்கோடியில் இருக்கிறது, 1173இல் தொடங்கியது. வியாபாரிகள் தங்கள் தேவாலயத்தைச் சந்தைக்குப் பக்கத்தில், அதைவிட உயரமாகக் கட்டிக்கொண்டார்கள். உள்ளே விதானத்தின் உயரம் 38.5 மீட்டர், செங்கல்லால் கட்டிய விதானங்களில் உலகிலேயே உயரமானது. வட ஜெர்மனியில் கட்டடக் கல் கிடையாது, களிமண்தான் உண்டு. பிரான்ஸில் கல்லில் செய்ததை இவர்கள் செங்கல்லில் செய்து பார்த்தார்கள், பால்டிக் கரை ஊர்கள் பலவும் இதைப் பார்த்துத்தான் தங்கள் தேவாலயங்களைக் கட்டின.

தெற்குக் கோபுரத்தின் அடியில் ஒரு சிறு இடம், கம்பித் தடுப்பு போட்டிருக்கும். 1942 மார்ச் 28 இரவு, குருத்து ஞாயிறுக்கு முந்தின ராத்திரி, பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதில் பழைய நகரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. இந்தக் கோபுரமும் எரிந்து, மேலிருந்த மணிகள் கீழே விழுந்து தரையில் புதைந்தன. அவற்றை எடுக்கவே இல்லை. உருகியும் உடைந்தும் விழுந்த அதே இடத்தில் இன்றைக்கும் கிடக்கின்றன. நான் அங்கே நின்றபோது பக்கத்தில் ஒரு பாட்டி பேரனிடம் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பையன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்த்தான். குடை பிடித்தவரோடு போனபோது இந்த இடத்தில் நாங்கள் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

அதே தேவாலயத்தில்தான் பக்ஸ்டெஹூடே என்ற இசைக்கலைஞர் ஆர்கன் வாசித்தார். அவர் வாசிப்பதைக் கேட்க 1705இல் பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான பாக், அப்போது இருபது வயது, ஆர்ன்ஷ்டாட் ஊரிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார். நாலு வார விடுப்பில் வந்தவர் மாதக்கணக்கில் தங்கிவிட்டார். பாக்குக்கே நாலு வாரம் போதவில்லை.

இங்கிருந்து வடக்கே நடந்தால் பரிசுத்த ஆவி மருத்துவ இல்லம், 1286இல் வியாபாரிகளின் நன்கொடையில் கட்டியது, ஆதரவற்ற முதியவர்களுக்காக. நீண்ட கூடத்தில் மரப்பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றும் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் வைக்கும் அளவுதான். 1820 வாக்கில் அமைத்த அந்த அறைகளில் 1970 வரை ஆட்கள் குடியிருந்தார்கள். எதிரே யாக்கோபு தேவாலயம், கடலோடிகளின் தேவாலயம். 1957இல் அட்லாண்டிக் புயலில் மூழ்கிய பாமீர் என்ற பாய்மரக் கப்பலின் உயிர்காப்புப் படகு ஒன்று அங்கே உடைந்த நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. கப்பலில் இருந்த 86 பேரில் பிழைத்தவர்கள் ஆறு பேர். கப்பலில் போனவர்கள் பெரும்பாலும் பயிற்சிக்கு வந்த இளம்பிள்ளைகள். அந்தப் படகைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ரொம்ப நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இவ்வளவும் பெரிய கட்டடங்கள். கால்நடையாகப் போகிறவருக்கு மட்டும் கிடைக்கிற லூபெக் ஒன்று இருக்கிறது, அதுதான் சந்துகள். வியாபாரி வீடுகள் தெருவைப் பார்த்து நிற்க, அவற்றின் பின்கட்டில் கூலிக்காரர்களுக்கும் கைத்தொழில் செய்பவர்களுக்கும் சின்னச் சின்ன வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அங்கே போகும் வழி வீட்டின் அடியிலேயே குடைந்த ஒரு நடை. குனிந்துதான் நுழைய வேண்டும், சில இடங்களில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். சவப்பெட்டி வெளியே வரும் அளவுக்காவது அகலம் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்ததாகச் சொல்வார்கள். சுமார் 90 சந்துகள் இன்னும் இருக்கின்றன. இருட்டு நடையைத் தாண்டி நிமிர்ந்தால் வெளிச்சம், வெள்ளைச் சுவர்கள், வாசலில் ரோஜாக்கொடி, ஒரு சைக்கிள், காயப்போட்ட துணி. உப்பு மூட்டை சுமந்தவர்கள் வாழ்ந்த இடம் இதுதான். 1639இல் வியாபாரிகளின் விதவைகளுக்காகக் கட்டிய ஃபியூக்டிங்ஸ்ஹோஃப் முற்றமும் இப்படி உள்ளே ஒளிந்திருக்கிறது, அது மற்றவற்றைவிட வசதியானது.

இங்கெல்லாம் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சத்தம் போடாமல், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாமல் போய் வர வேண்டும், கதவு சாத்தியிருந்தால் விட்டுவிட வேண்டும். உங்கள் கட்டுரையில் இதை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு ஊரைப் பற்றி எழுதினால், பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று அடுக்காமல், எங்கே தொடங்கி எந்த வழியாக நடக்கலாம் என்று ஒரு கைவரைபடம் போடுங்கள். லூபெக்குக்கு நான் சொல்வது: வாசல், உப்புக் கிடங்கு, சந்தை, மரியாள் தேவாலயம், மருத்துவ இல்லம், யாக்கோபு தேவாலயம், அப்புறம் சந்துகள் வழியாகவே தெற்கே பேராலயம் வரை. தரை முழுக்க உருண்டைக் கல் பாவியது, அடி கனமான ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியாகப் பேதுரு தேவாலயக் கோபுரத்துக்கு வரலாம். 50 மீட்டர் உயரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்களும் ஏறலாம். மூடும் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. மேலே நின்றால் காலையில் நுழைந்த வாசல், உப்புக் கிடங்கு, ஆறு எல்லாம் காலடியிலேயே தெரியும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஹாம்பர்க்