பச்சைக் கோட்டைத் துடைத்துவிட்டுப் போனவருக்கு

ஏற்காடு ஏரியில் படகு போகிற இரண்டு நொடி கிளிப்போடு, எங்கள் வீடியோ டிகோடருக்கு (சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் நிரல்) அந்த பேட்ச்சை, அதாவது திருத்தத்தை, அனுப்பினீர்களே, உங்களுக்குத்தான் இது. சேலத்துக்காரர் என்பது கிளிப்பை வைத்துப் போட்ட கணக்கு.

பிரச்சினை இதுதான்: 1080 வரி வீடியோவின் அடியில் மெல்லிய பச்சைக் கோடு. எச்.264 என்கிற வீடியோ சுருக்கும் முறை படத்தை 16×16 கட்டங்களாகத்தான் பிரிக்கும். 1080 பதினாறால் வகுபடாது. அதனால் 1088 ஆக்கி, மிச்ச 8 வரியை வெட்டச் சொல்லி எஸ்பிஎஸ்ஸில் (வீடியோவின் அளவு விவரங்கள் இருக்கும் பகுதி) குறிப்பு வைக்கும். அந்தக் குறிப்பில் இருக்கும் எண் 4. ஏனென்றால் இரண்டு வரிக்கு ஒரு நிற வரி வைக்கும் 4:2:0 முறையில் ஓர் அலகு 2 வரி. எங்கள் டிகோடர் அதை நாலு வரி என்றே எடுத்துக்கொண்டது. பாக்கி நாலு வெளியே தெரிந்தது. ஒளி அளவான ஒய், நிற அளவுகளான யு, வி மூன்றும் பூஜ்யமானால் திரையில் வருவது கறுப்பல்ல, பச்சை.

இரண்டால் பெருக்கிவிட்டு நீங்கள் போயிருக்கலாம். யாரும் கேட்காமலே, ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறி அனுப்பும் இன்டர்லேஸ்டு வீடியோவையும் சோதித்தீர்கள்: அங்கே அலகு 4 வரி, குறிப்பில் 2 தான் வரும். சும்மா பெருக்கியிருந்தால் அங்கே இன்னும் நாலு வரிக் கோடு நின்றிருக்கும். திருத்தம் ஒரு கமிட் (நிரலில் தனியாகப் பதிவாகும் மாற்றம்), டெஸ்ட் இன்னொரு கமிட். இப்படிப் பிரித்து அனுப்புகிறவர்கள் அபூர்வம்ங்க.

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ரொம்ப நன்றிங்க. உங்கள் கிளிப்பில் இப்போது அடி ஓரம் வரைக்கும் ஏரித் தண்ணீர்தான் தெரிகிறது.