கோடை ஆய்வுப் பயிற்சிக்கு ஊதியம் அவசியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளநிலை மாணவர்களுக்கான கோடைகால மருத்துவ உயிரியல் ஆய்வுப் பயிற்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பயிற்சியால் விளையும் நன்மைகளை விரிவாக எடுத்துரைத்த அக்கட்டுரை, மாணவருக்குத் தரப்படும் உதவித்தொகையை மட்டும் கூடுதல் சலுகை போல ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. நெடுங்காலம் இளநிலை மாணவர்களுக்கு உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த உதவித்தொகை இருக்கிறதா இல்லையா, அது எப்போது கைக்கு வருகிறது என்பவைதாம் ஆய்வகத்தின் கதவு யாருக்குத் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன். அதை விளக்கவே இக்கடிதம்.

"கற்றுக்கொள்ள வருகிறவருக்கு ஊதியம் எதற்கு?" என்ற கேள்வியைப் பேராசிரியர்களில் சிலர்கூடக் கேட்கிறார்கள். ஆய்வகத்தில் மாணவர் கற்கிறார் என்பது உண்மை. அதே வேளையில் அவர் உழைக்கவும் செய்கிறார். 1921-ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், இன்சுலினைக் கண்டறியும் ஆய்வில் இறங்கிய மருத்துவர் ஃபிரெடரிக் பாண்டிங்கிற்கு உதவியாக அமர்த்தப்பட்ட சார்லஸ் பெஸ்ட், அப்போதுதான் இளங்கலைப் படிப்பை முடித்திருந்த 22 வயது இளைஞர். கணையத்தை நீக்கிய நாய்களின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது, கணையச் சாற்றைச் செலுத்தியபின் எவ்வளவு இறங்குகிறது என்று நாள்தோறும் அளந்து குறித்து வைத்தவர் அவரே. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டதற்கு அந்த அளவீடுகள் அடித்தளமாக இருந்தன. அந்தக் கோடை மாதங்களுக்கான ஊதியமோ, பாண்டிங் வற்புறுத்திய பிறகுதான் கொடுக்கப்பட்டது. 1923-இல் நோபல் பரிசு பாண்டிங்கிற்கும் அந்த ஆய்வகத்தின் தலைவரான பேராசிரியர் மெக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டபோது, பாண்டிங் தம் பங்குத் தொகையைப் பெஸ்டுடன் பகிர்ந்துகொண்டார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வெளிச்சத்துக்கு வந்ததும் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் கையால்தான். எல்லா மாணவருக்கும் இத்தகைய வாய்ப்பு அமைவதில்லை. எனினும் ஒரு கோடை முழுவதும் ஒரு மாணவர் எடுக்கும் அளவீடுகள் வழிகாட்டியின் ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரைபடமாகவாவது இடம்பெறுவது ஆய்வுலகில் வழக்கமாக நடப்பதே. அந்த உழைப்பைப் பயன்படுத்திக்கொள்கிறவர்கள் அதற்கு விலை கொடுப்பதுதான் நியாயம்.

இதைவிட வலுவான இன்னொரு காரணமும் உண்டு. இளநிலை மாணவர்களில் பலருக்குக் கோடை விடுமுறை என்பது ஓய்வுக்காலம் அன்று. அடுத்த பருவத்தின் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் பணம் ஈட்டும் காலம். ஊதியமில்லாத ஆய்வுப் பயிற்சி அவர்களிடமிருந்து இரண்டு முறை பணம் பறிக்கிறது: வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் வருமானம் போகிறது, ஆய்வகம் இருக்கும் பெருநகரில் தங்கவும் உண்ணவும் கையிலிருப்பதும் போகிறது. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளால் இதைத் தாங்க முடியும், மற்றவர்களால் முடியாது. பின்னாளில் முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, முன்பு ஆய்வகத்தில் பணியாற்றிய அனுபவம் உண்டா என்ற கேள்வி முதல் கேள்வியாக வந்து நிற்கிறது. ஆக, இருபது வயதில் ஒரு கோடையைச் செலவழிக்கக் குடும்பத்தில் பணம் இருந்ததா என்பதே, முப்பது வயதில் யார் விஞ்ஞானி என்பதை முடிவு செய்துவிடுகிறது.

மாலையில் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் மருத்துவ உயிரியல் ஆய்வகத்தின் அன்றாடத்தை அறியாதவர்கள். உயிருள்ள செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. வளர்ப்புத் தட்டில் அவை நிரம்பியதும் பிரித்து வேறு தட்டுக்கு மாற்றியாக வேண்டும். ஊட்டத் திரவத்தை உரிய நாளில் புதுப்பித்தாக வேண்டும். மருந்து கலந்து குறிப்பிட்ட மணி நேரம் கழித்து மாதிரி எடுக்க வேண்டுமென்றால், அந்த நேரம் இரவு பத்து மணியானாலும் மாணவர் அங்கே இருந்தாக வேண்டும். எலிகளை வைத்து நடக்கும் ஆய்வு இன்னும் கண்டிப்பானது. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் செல் வளர்ப்பில் புகுந்துவிட்டால், செய்த வேலை முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இதனால்தான் முறையான பயிற்சித் திட்டங்கள் பல, பயிற்சிக்காலத்தில் வேறு வேலையோ வேறு பாடமோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனை விதிக்கின்றன. அந்த நிபந்தனை சரியானதே. ஆனால் மாணவரின் முழு நேரத்தையும் கேட்டு வாங்குகிறவர்கள், அந்த நேரத்தில் அவர் வாழ்வதற்கான வழியையும் செய்து தரக் கடமைப்பட்டவர்கள்.

இதை நன்றாகச் செய்துகாட்டிய திட்டங்கள் உலகில் இல்லாமல் இல்லை. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம் 1979 முதல் இளநிலை மாணவர்களுக்குக் கோடை ஆய்வு உதவித்தொகை வழங்கிவருகிறது. மாணவரே ஒரு வழிகாட்டியைத் தேடிச் சென்று, ஆய்வு முன்மொழிவை எழுதி, பத்து வாரம் பணியாற்றும் முறை அது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நடத்திவரும் இளநிலை ஆய்வு அனுபவத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: பயிற்சியை நடத்தும் நிறுவனம் தன் சொந்த மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ள முடியாது, ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளின் மாணவர்களுக்குக் கணிசமான இடங்களைக் கொடுத்தாக வேண்டும். ஆம்ஜென் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் அறக்கட்டளை உதவியோடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய ஆய்வு மாணவர் திட்டம் பின்னர் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் பரவியது. இந்தியாவில் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைத் திட்டமும், மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் வழங்கிவரும் குறுகியகால உதவித்தொகையும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.

விண்ணப்பிக்கும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குடியுரிமை குறித்த விதியை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் கோடைப் பயிற்சி, மேலே சொன்ன தேசிய அறிவியல் அறக்கட்டளைத் திட்டம், ஆம்ஜென் திட்டத்தின் அமெரிக்கப் பிரிவு ஆகியவை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களுக்கும் உரியவை. இதை அறியாமல் வாரக்கணக்கில் கட்டுரை எழுதி, ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதமும் வாங்கி, கடைசியில் ஏமாந்துபோன வெளிநாட்டு மாணவர்கள் பலரை நான் அறிவேன். எந்நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கக்கூடியவையும் இருக்கின்றன: வியன்னா உயிர்மையத்தின் கோடைப் பள்ளி, லோசானில் உள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தின் கோடை ஆய்வுத் திட்டம், ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுப் பயிற்சி ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் உதவித்தொகை உண்டு. தங்குமிடத்துக்கும் உதவி கிடைக்கிறது.

உதவித்தொகை அறிவிக்கப்பட்டாலே போதாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நல்ல திட்டங்களும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. தொகை முழுவதையும் பயிற்சியின் முடிவில், அறிக்கை ஒப்படைத்தபின் தருவது சில இடங்களில் வழக்கம். மாணவருக்கோ முதல் வாரத்திலேயே பணம் தேவை: வாடகைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், பயணச்சீட்டு வாங்க வேண்டும், முதல் தவணை வரும்வரை உண்ண வேண்டும். பயணச் செலவைப் பின்னர் திருப்பித் தருவோம் என்ற உறுதிமொழி, அதை முன்னதாகச் செலவழிக்கப் பணமில்லாதவருக்கு எந்த வகையிலும் உதவாது. கடன் வாங்கி வந்து சேர்ந்த மாணவி ஒருத்தி, பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பின்னரே முதல் தொகையைக் கண்ணால் பார்த்தாள் என்பதை அவளுடைய ஆசிரியராக நான் அறிவேன். முதல் தவணையைப் பயிற்சி தொடங்கும் நாளிலேயே கொடுப்பதும், விடுதி அறையைத் திட்டமே நேரடியாக ஏற்பாடு செய்வதும், பயணச்சீட்டை நிறுவனமே வாங்கி அனுப்புவதும் பெரும்பாலும் நிர்வாக ஒழுங்கு சார்ந்தவை; இவற்றுக்கென்று தனி நிதி வேண்டியதில்லை. இவற்றோடு காப்பீட்டையும் சேர்க்க வேண்டும். மனித இரத்த மாதிரிகளைக் கையாளும் மாணவருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா, ஊசி குத்திவிட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பவை பயிற்சிக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டிய செய்திகள்.

தேர்வுமுறையிலும் ஒரு குறை உண்டு. முன் அனுபவம் உள்ளவர்களையே தேர்ந்தெடுக்க நிறுவனங்கள் விரும்புகின்றன. அவர்களுக்குத் திரவத்தை அளந்தெடுக்கும் பிபெட் கருவியைப் பிடிக்கவும் கரைசல் தயாரிக்கவும் மறுபடி கற்றுத்தர வேண்டியதில்லை என்பது காரணம். எட்டு அல்லது பத்து வாரமே கையில் இருக்கும்போது அந்த விருப்பம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் முதல் அனுபவத்தை எங்கே பெறுவது என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. ஆய்வகமே இல்லாத கல்லூரியில் படித்து, பாடத்தில் எழும் ஐயத்தை விடாமல் துருவிக் கேட்கும் ஒரு மாணவர், ஏற்கெனவே இரண்டு கோடைகளை ஆய்வகத்தில் கழித்த மற்றொருவரைவிட அந்த இடத்தால் கூடுதல் பயன் அடைவார் என்பதே என் அனுபவம். அப்படிப்பட்டவர்களுக்கெனச் சில இடங்களையாவது ஒதுக்கி, பாதுகாப்புப் பயிற்சியையும் ஆய்வு நெறிமுறை வகுப்பையும் முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். விலங்குகளையோ மனித மாதிரிகளையோ பயன்படுத்தும் ஆய்வுக்கான நெறிமுறைக் குழு ஒப்புதலை, மாணவர் வந்து சேர்வதற்கு முன்பே வழிகாட்டி வாங்கி வைத்திருக்க வேண்டும். ஒப்புதல் வரும்வரை காத்திருந்தே பாதிக் கோடை கழிந்துபோவது மாணவரின் தவறன்று.

எச்சரிக்கை ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். உதவித்தொகை தருவதற்கு மாறாக, மாணவரிடமே பெருந்தொகை வாங்கிக்கொண்டு சில வாரங்களில் சான்றிதழ் தரும் "ஆய்வுப் பயிற்சிகள்" பெருகிவருகின்றன. விளம்பரத்தில் பெரிய ஆய்வகத்தின் படம் இருக்கும். வழிகாட்டி யார், என்ன கேள்வியை ஆராயப்போகிறார்கள் என்ற விவரம் இருக்காது. தரமான திட்டம் தன் ஆய்வகங்களையும் வழிகாட்டிகளையும் வெளிப்படையாக அறிவிக்கும். வாராந்திர ஆய்வகக் கூட்டத்தில் மாணவரை அமர வைக்கும். முடிவில் போஸ்டராகவோ உரையாகவோ தம் வேலையைப் பிறர் முன் வைக்கச் செய்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் வைக்கும். பணம் எந்தத் திசையில் செல்கிறது என்பதை முதலில் பார்க்குமாறு பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்திட்டங்கள் எவ்வளவு எளிதில் நின்றுவிடக்கூடியவை என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. ஆண்டுதோறும் ஏராளமான இளைஞர்களை ஏற்றுவந்த அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் கோடைப் பயிற்சி, 2025-ஆம் ஆண்டுக்கு ரத்து செய்யப்பட்டது. அந்தக் கோடையில் மூன்றாம் ஆண்டை முடித்து, அதன்பின் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கத் திட்டமிட்டிருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மீண்டும் வராது. நிதி நெருக்கடி என்றவுடன் முதலில் வெட்டப்படும் செலவாக மாணவர் உதவித்தொகை இருக்கிறது. ஓர் ஆய்வு நிறுவனத்தின் மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பகுதி என்பதை நிதி ஒதுக்குகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கோடை நெருங்கும்போதுதான் வெளியாகின்றன. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பல திட்டங்களுக்கு முந்தைய ஆண்டின் நவம்பர், டிசம்பரிலேயே விண்ணப்பம் தொடங்கி, ஜனவரி, பிப்ரவரியில் முடிந்துவிடுகிறது. பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்களுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாரமாவது அவகாசம் தர வேண்டும். ஆகவே தங்கள் கல்விப் பக்கத்தில் அக்டோபர் மாதத்திலேயே, எந்தத் திட்டம் எந்நாட்டு மாணவருக்கு உரியது, உதவித்தொகை எவ்வளவு, முதல் தவணை எப்போது தரப்படுகிறது, தங்குமிடம் உண்டா, கடைசி நாள் எது என்ற விவரங்களை அந்தந்த நிறுவனங்களிடம் கேட்டுச் சரிபார்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்